டிராஃபிக்கில் நின்றால் ஹீட் ஆகும் கார்: ஹெட்டை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்து எழுதிவிட்டே தொடங்குகிறேன். விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்னையில் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அறுபது, எழுபதில் போனால் தானாக இறங்கிவிடுகிறது, சில சமயம் கால்வாசிக்கே வந்துவிடுகிறது. ஏசி போட்டால் இன்னும் சீக்கிரம் ஏறுகிறது. முதல் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூட்டைப் பொறுத்து ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டார். இரண்டாமவர் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார். போன மாதம் ஏற்காடு ஏறும்போது பாதி மலையில் முள் சிவப்பைத் தொட்டு, பானெட்டுக்குள்ளிருந்து ஆவி வந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீர் கேனை ஊற்றி ஒருவழியாகத் திரும்பினீர்கள். இப்போது மூன்றாமவர், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். கடைசியாக, போகிற போக்கில் ஒரு வரி: போன வருஷம் முன்பக்கம் இடித்து பம்பரும் ரேடியேட்டர் ஃபேனும் மாற்றினோம் என்று.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

ஹெட்டை இறக்க இன்னும் சரி சொல்லாதீர்கள். மூன்று பேரும் மூன்று பாகத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 'எப்போது ஹீட் ஆகிறது, எப்போது ஆகவில்லை' என்று உங்களிடம் யாரும் உட்கார்ந்து கேட்டதாகத் தெரியவில்லை. ஹீட் விஷயத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. காய்ச்சல் என்று வருகிறவரிடம் எப்போதிலிருந்து, காலையிலா மாலையிலா என்று கேட்காமல் ஊசி போடுகிற மாதிரிதான் அது.

இன்ஜினுக்குள் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இன்ஜினுக்குள் சுற்றிச் சூட்டைச் சுமக்கும் திரவமான கூலண்ட் வழியாக வெளியேற வேண்டும். அதற்கு இரண்டு ஓட்டங்கள் வேண்டும். ஒன்று கூலண்டின் ஓட்டம்: இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கும் மறுபடி இன்ஜினுக்கும் சுற்றுவது. இன்னொன்று காற்றின் ஓட்டம்: ரேடியேட்டரின் முன்னாலிருந்து பின்னால் போவது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே இரண்டாவது வேலையைச் செய்துவிடும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. அதனால் நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிற வண்டியில் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் ஹைவேயில் வேகமாகப் போகும்போதும், நீண்ட ஏற்றத்திலும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் அதிகச் சூட்டை உண்டாக்குவது அப்போதுதானே. முள் காரணமில்லாமல் திடீரென்று மேலே போய், திடீரென்று இறங்கி விளையாடினால் கூலண்ட் குறைந்திருக்கும், அல்லது உள்ளே ஏர் லாக் இருக்கும், அதாவது காற்று சிக்கியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்த ஐந்தாறு நிமிடத்திலேயே சிவப்புக்குப் போனால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட்.

உங்கள் வண்டி தெளிவாக முதல் வகை. ஏசி பற்றி இன்னொன்று கேட்கிறேன்: சிக்னலில் நிற்கும்போது ஏசியின் குளிர்ச்சியும் குறைகிறதா, வண்டி நகர்ந்ததும் திரும்ப ஜில்லென்று ஆகிறதா? ஏசியின் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே காற்று. நிற்கும்போது இரண்டும் சேர்ந்து திணறினால் காற்றுதான் வரவில்லை என்று கிட்டத்தட்ட முடிவே கட்டிவிடலாம்.

இனி ஃபேனைப் பார்ப்போம். 'ஃபேன் ஓடுகிறது சார், நான் பார்த்தேன்' என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வார்கள். ஓடினால் மட்டும் போதாது. எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, எத்தனை டிகிரியில் ஓட ஆரம்பிக்கிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரு டாக்ஸி வந்தது. உங்களுக்கு இருக்கிற அதே தொல்லை. இரண்டு மாதத்தில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றும் மாற்றியிருந்தார் டிரைவர். வாடகை வண்டி, அவருடைய ஒரு மாத வருமானத்துக்கு மேல் அதில் போயிருந்தது. ஃபேன் நன்றாகத்தான் ஓடியது, சத்தமும் சரியாக இருந்தது. வழக்கப்படி ஒரு செய்தித்தாளை விரித்து கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன். தாள் உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். அது என் நெஞ்சின் மேல் வந்து படபடவென்று அடித்தது. ஃபேன் மோட்டார் மாற்றும்போது இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றி, இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றை ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. ஹைவேயில் எதிர்க்காற்றின் வேகம் அதை வென்றுவிடும், அதனால் அங்கே பிரச்சினை தெரியவில்லை. ஒயரை மாற்றிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆனது. அந்த டிரைவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து, இடித்துச் சரிசெய்த வண்டி எது வந்தாலும் நான் முதலில் எடுப்பது பேப்பரைத்தான்.

நீங்களும் இதையே செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் ஓட ஆரம்பிக்கும். கிரில்லை ஒட்டி ஒரு தாளைப் பிடியுங்கள். கை விரல், துப்பட்டா, சட்டை நுனி எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று ஓடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தாள் உள்ளே இழுபட்டால் திசை சரி. வெளியே தள்ளினால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

திசை சரியாக இருந்து இழுப்பு மட்டும் சோம்பலாக இருந்தால் வேகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வேக ஃபேனாக இருந்தால் ஒரு வேகம் மட்டும் செத்திருக்கலாம். குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோவது மிகச் சாதாரணம். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் ஃபேன் சுற்றும், ஆனால் பலம் இருக்காது. சில நாள் ஓடும், சில நாள் ஓடாது, ஒரு தட்டு தட்டினால் ஓடும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போனால், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கனெக்டரில் எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடி, ஃபேன் முழு வேகத்தில் சுற்றும்போது 13-க்கு மேல் இருக்க வேண்டும். 10 என்று காட்டினால் ரிலேயோ கனெக்டரோ கருகியிருக்கலாம். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் ஷ்ரவுட். ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு ஒட்டி இருக்கும் பிளாஸ்டிக் கூடு அது. இதை ஏதோ கைபடாமல் இருக்க வைத்த மூடி என்று நினைத்து, உடைந்திருந்தால் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பதற்குப் பதிலாகத் தன் விளிம்பைச் சுற்றியுள்ள சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். ஓரத்தில் இருக்கும் ஸ்பான்ஜ் பட்டைகளுக்கும், பம்பருக்கு அடியில் இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் தகட்டுக்கும் இதே வேலைதான்: காற்று குறுக்கு வழியில் தப்பாமல் ரேடியேட்டர் வழியாகவே போக வைப்பது. பம்பர் வேலை நடந்த வண்டியில் இவற்றில் ஒன்றாவது காணாமல் போயிருக்கும். உங்கள் பார்ட்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள், ஷ்ரவுட் அதில் இருக்கிறதா என்று.

கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள விரல் அகல இடைவெளியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து வருஷத் தூசி, இலைச் சருகு, பூச்சிகள் எல்லாம் அங்கே கம்பளி போலப் படிந்து கிடக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டன்சர் சுத்தமாகத் தெரியும், அதனால் ஏமாந்துவிடுவோம். இன்ஜின் ஆறியபின், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரை நெருக்கத்தில் பிடித்தால் மெல்லிய ஃபின்கள் மடங்கி, இருக்கிற காற்று வழியும் அடைபடும்.

இதே அறிகுறியைக் காட்டக்கூடிய இன்னொரு ஆள் வாட்டர் பம்ப். அதன் இம்பெல்லர் (கூலண்டைத் தள்ளும் சக்கரம்) அரித்திருந்தாலும், பெல்ட் தளர்ந்திருந்தாலும், ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, கூலண்டின் ஓட்டம் குறைந்து ஹீட் ஆகும், ஆர்பிஎம் ஏறினால் சரியாகும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. வண்டி நின்றபடியே, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்து 2,000 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். காற்று மாறவில்லை, கூலண்ட் ஓட்டம் மட்டும் கூடுகிறது. சூடு இறங்கினால் பம்பையும் கூலண்ட் அளவையும் சந்தேகப்படுங்கள். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் காற்றுதான். சிவப்பை நெருங்கும் முன் நிறுத்திவிட வேண்டும், இது முக்கியம்.

இந்தச் சோதனைகளுக்கு முள்ளை நம்ப வேண்டாம். பல கார்களில் அது, கூலண்ட் 80-இலிருந்து நூறைத் தாண்டும்வரை அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி வேண்டுமென்றே செய்யப்பட்டிருக்கிறது. அது கிளம்பும்போது விஷயம் ஏற்கெனவே முற்றியிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவியை வாங்கிப் போனில் இணைத்தால் கூலண்ட் டெம்பரேச்சர் எண்ணாகவே தெரியும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஓடும்போது 85-க்கும் 95-க்கும் இடையில் இருக்கும். நிற்கும்போது 95, 98 என்று ஏறியதும் ஃபேன் ஓடி ஏழெட்டு டிகிரி இறக்கிவிட்டு நிற்கும். இப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஆரோக்கியம். ஃபேன் ஓடியும் எண் ஏறிக்கொண்டே போனால் காற்று போதவில்லை. 105 வந்தும் ஃபேன் ஓடவே இல்லையென்றால் சென்சர், ரிலே, ஃபியூஸ் என்று மின்சாரப் பக்கம் போக வேண்டும்.

இப்போது தெர்மோஸ்டாட். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. 'நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்' என்று கழற்றிவிடுவது தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். அதற்கு வேண்டியது 90 டிகிரி. தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரியில் திறக்க ஆரம்பித்து, அந்த 90-ஐக் காப்பாற்றுகிறது. கழற்றிவிட்டால் ஹைவேயில் இன்ஜின் குளிர்ந்தே ஓடும். உங்கள் முள் கால்வாசிக்கு இறங்குவது இதனால்தான். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறையும், ஆயில் கெடும், சிலிண்டர் தேயும்.

அதைவிட முக்கியமான இன்னொன்று, உங்கள் ஏற்காடு சம்பவத்துக்கு நேராகத் தொடர்புடையது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்று ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, மற்றது பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லாவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். சமதளத்தில் அது தெரியாது. இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும்போது, ரேடியேட்டரின் முழு பலமும் தேவைப்படுகிற அந்த நேரத்தில்தான் தெரியும். அதாவது ஹீட்டுக்கு வைத்தியம் என்று செய்ததே மலையில் ஹீட்டைக் கூட்டியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

உங்கள் இன்ஜினுக்குரிய அதே டிகிரி தெர்மோஸ்டாட்டை வாங்கிப் போடுங்கள். போடும் முன் அடுப்பில் சோதித்துப் பாருங்கள், புதியதிலும் கோளாறு வருவதுண்டு. ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு சமையல் தெர்மாமீட்டர். தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழி கிளம்பும் நேரத்தில் வால்வு மெல்ல வாய் திறக்கும். கொதி வரும்போது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் திறந்திருக்க வேண்டும். வெளியே எடுத்தால் ஆறும்போது தானாக மூட வேண்டும். அந்த வாய் திறப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்கள் அப்புறம் அதைத் தேவையில்லாத பாகம் என்று சொல்ல மாட்டார்கள். பொருத்தும்போது தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டை, அந்த ஆடும் பின் இருக்குமே, அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறுவதற்கான வழி அது.

ஏற்காட்டில் ஆவி வந்ததற்கு இன்னொரு பங்காளியும் இருக்கலாம்: மூடி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் 0.9 பார் அல்லது 1.1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதால்தான், அதே தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குகிறது. சமதளத்தில், பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் ஏறக்குறைய 125 வரை தாங்கும். பிரஷர் குக்கரில் வெயிட் எதற்கோ, அதற்குத்தான் இந்த மூடி. ரப்பர் வெடித்த மூடியும், வெறும் தண்ணீரும், மலை உயரமும் சேர்ந்தால் நல்ல இன்ஜினே கொதிக்கும். மூடியின் விலை மிகக் குறைவு. ரப்பரில் வெடிப்போ பள்ளமோ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், அதே பார் எண் உள்ளதாக. ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிப் போயிருந்தால், கூலண்டைத் திரும்ப உள்ளே இழுக்கும் மூடியின் சின்ன வால்வு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் கேனை ஊற்றியது தவறில்லை, வழியில் வேறு என்ன செய்ய முடியும். ஆனால் ஊருக்கு வந்த பிறகும் அதே தண்ணீரில் ஓட்டுவது தவறு. கூலண்ட் என்றால் பச்சை நிறச் சாயத் தண்ணீர், பனி விழும் ஊருக்கானது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காப்பதும், பம்பின் சீலைப் பாதுகாப்பதும் அதன் வேலை. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரை வெட்டிப் பார்த்திருக்கிறேன். வீட்டு ஹீட்டர் காயிலில் படியுமே, அதே வெள்ளை உப்பு, குழாய்க்குள் பாதி அடைத்துக் கிடந்தது. பழைய செம்பு ரேடியேட்டர் என்றால் தொட்டியைத் திறந்து ராடிங் செய்து, அதாவது குழாய்க்குள் கம்பி விட்டுக் குடைந்து, சுத்தம் செய்வார்கள். இப்போதைய அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டரில் அதற்கு வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று அறிய, இன்ஜின் சூடான பிறகு அதன் முகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நகர்த்திப் பாருங்கள். உள்ளே வரும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே ஓட்டமில்லை. இந்தச் சோதனை செய்யாமல் ரேடியேட்டருக்குப் பணம் கட்டாதீர்கள்.

சரி, ஹெட் கேஸ்கெட். இது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். சிவப்பைத் தொட்டு ஆவி வந்த இன்ஜின் அது. அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். ஒரு முறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் வளைய இடமுண்டு. ஆனால் போய்விட்டது என்று சொல்வதற்கு முன் காட்ட வேண்டும். காட்டுவதற்கு வழிகள் இருக்கின்றன, அவற்றில் எதற்கும் ஹெட்டை இறக்க வேண்டியதில்லை.

காலையில், இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து கூலண்ட் விளிம்புவரை இருக்கிறதா பாருங்கள். திறந்தபடியே ஸ்டார்ட் செய்து உள்ளே கவனியுங்கள். ஆரம்பத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. சோடா பாட்டில் போல விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரின் கேஸ் கூலண்டுக்குள் கசிகிறது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்திலேயே, இன்னும் சூடே ஏறாதபோதே, மேல் ஹோஸ் கல் போல இறுகினாலும் அதே அர்த்தம்தான். காலை முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் சில நொடி தடுமாறி, சைலன்ஸரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிறைய வந்தால் கூலண்ட் சிலிண்டருக்குள் போகிறது. ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் காபி நிறம் தெரிந்தால் கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை இருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் அப்படிப் படிவதுண்டு.

உறுதியான சோதனை நீல திரவம். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதிலுள்ள நீல நிற மருந்து வழியாக மேலே தேங்கும் காற்றை இழுப்பார்கள். எரிந்த கேஸ் அதில் இருந்தால் பெட்ரோல் இன்ஜினில் நீலம் மஞ்சளாக மாறும். கூடவே பிரஷர் டெஸ்ட்: ஆறிய இன்ஜினில், மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. இறங்கினால் எங்கேயோ கசிவு. வெளியே ஈரமே இல்லாமல் இறங்கினால் உள்ளே. இந்தக் கருவிகள் இல்லாத ஒர்க்‌ஷாப்பில் ஹெட் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சோதனையில் உண்மையாகவே கேஸ்கெட் போயிருந்தால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிட அனுமதிக்காதீர்கள். ஹெட்டின் முகத்தில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேரான இரும்புப் பட்டை) வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். பல சின்ன இன்ஜின்களுக்கு எல்லை 0.05 மில்லிமீட்டர்தான், அதற்கு மேல் வளைவு இருந்தால் லேத்தில் ஃபேஸிங் செய்ய வேண்டும். பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டால் திரும்பப் பயன்படாது, புதிது வாங்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையளவில் முறுக்குபவரிடம் இந்த வேலை வேண்டாம். மூலக் காரணமான ஃபேனையோ ஷ்ரவுட்டையோ பார்க்காமல் கேஸ்கெட்டை மாற்றினால், புதியதும் சில மாதத்தில் அதே சிக்னலில் போய்விடும்.

எல்லாம் முடிந்து புது கூலண்ட் ஊற்றும்போது அவசரம் கூடாது. பாதிப் பேர் வேலையைக் கெடுப்பது இங்கேதான். ரெடிமிக்ஸ் என்று எழுதியிருந்தால் அப்படியே ஊற்றலாம். கான்சென்ட்ரேட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சரிபாதி கலக்க வேண்டும். கலக்காமல் ஊற்றினால் சூட்டைக் கடத்தும் திறன் குறையும். நிறத்தை வைத்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பது கம்பெனி போடும் சாயம். ஓனர்ஸ் மேனுவலில் சொன்ன வகையைப் பாருங்கள், பழையதை முழுக்க வெளியேற்றாமல் இன்னொரு வகையைக் கலக்காதீர்கள். வண்டியின் மூக்கைக் கொஞ்சம் மேட்டில் நிறுத்தி, உள்ளே ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றிக்கொண்டே ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். குபுக் குபுக்கென்று காற்று வெளியே வரும். இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருந்து, கீழ் ஹோஸும் சூடாகிவிட்டதா என்று பாருங்கள். உள்ளே ஹீட்டரில் சூட்டுக் காற்று வர வேண்டும். குளிர்ந்த காற்று வந்தால் ஏர் லாக் இன்னும் இருக்கிறது. மறுநாள் காலை ஆறியபின், பானெட்டுக்குள் இருக்கும் கூலண்ட் டப்பாவில் அளவு பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள்.

கீழே சிந்திய கூலண்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பழையதை டப்பாவில் பிடித்து வையுங்கள். அதன் இனிப்புக்கு நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போதும் சிறுநீரகம் செயலிழந்து செத்துவிடும். வாசலில் குழந்தைகள் விளையாடும் வீடு என்றால் இரட்டைக் கவனம் வேண்டும்.

இன்னொரு முறை மலையில் முள் ஏறினால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் ஏசியை ஆஃப் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோகும், ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். அது சின்ன இரண்டாவது ரேடியேட்டர் போல வேலை செய்யும். பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஆவி இல்லை, கூலண்ட் ஒழுகவில்லை என்றால் ஐடிலில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடலாம், பம்பும் ஃபேனும் சூட்டை வெளியேற்றும். ஆவி வந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, முள் இறங்காவிட்டாலோ உடனே ஆஃப். குறைந்தது முக்கால் மணி நேரம் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே நூற்றுக்கு மேலான சூட்டில் அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட், மூடி தளர்ந்த நொடியில் ஆவியாக வெடித்து முகத்தில் அடிக்கும். இதில் முகமும் கழுத்தும் வெந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மேல் ஹோஸைத் துணி வைத்துத் தொட்டு, அமுக்க முடிகிற அளவுக்குத் தளர்ந்த பிறகு, தடித்த துணியைப் போர்த்தி மெதுவாகத் திறவுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கிற இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழும்.

உங்கள் வண்டிக்கு நான் செய்வதாக இருந்தால் வரிசை இதுதான். நாளைக் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது குமிழிச் சோதனை. அது சுத்தமாக இருந்தால் பேப்பர் சோதனை, ஷ்ரவுட், கண்டன்சர் இடைவெளி. அன்றே புது மூடி, தெர்மோஸ்டாட், சரியான கூலண்ட். பிறகு ஓபிடி கருவியோடு சாயங்கால டிராஃபிக்கில் அரை மணி நேரம், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஃபேன் எந்த எண்ணில் ஓடுகிறது, எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். அந்த எண்களையும், ஷ்ரவுட் இருக்கிறதா இல்லையா என்பதையும் எனக்கு எழுதுங்கள். அடுத்து பம்பா, ரேடியேட்டரா, அல்லது ஒன்றும் வேண்டாமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.